கடைசி வரியை வாசிக்கவில்லை

பீதி என்ற சொல்லைத்தான் முதலில் அடிக்க வேண்டும். மடியில் தாள், தாளின் மேல் மைக், மைக்கின் சுருள் ஒயர் முழங்காலில் உரசிக்கொண்டே வருகிறது. உப்பளச் சாலையின் ஒவ்வொரு குழிக்கும் ஆட்டோ இறங்கி ஏறுகிறது, பேனா முனையைப் பீதிக்கு மேல் கொண்டுபோய் வைத்தால் அது பொதுமக்கள் மேல் போய்க் கோடு போடுகிறது. பொதுமக்கள் எவ்விதப் பீதியும் அடையத் தேவையில்லை. கலெக்டர் ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து இந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். புயலுக்கு, காலராவுக்கு, பறவைக் காய்ச்சலுக்கு, எல்லாவற்றுக்கும் இதே வாக்கியம்தான், அதற்கு முன்னால் வருகிற பெயரை மட்டும் மாற்றுவோம். இன்றைக்குக் கதிரியக்கம். உதவி மக்கள் தொடர்பு அலுவலர் மங்கையர்க்கரசி, ஆபீசில் அரசி மேடம், அரசு சொல்வதை ஜனங்களுக்குப் புரிய வைப்பது என் வேலை. கதிரியக்கம் என்றால் என்னவென்று எனக்கே இன்று காலையில்தான் ஒருத்தர் சொன்னார், அதிலும் பாதி புரியவில்லை. இரண்டு பக்கமும் உப்புக் குவியல் வெயிலில் கண்ணைக் குத்துகிறது. முன்னால் மாசானம் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார். தேர்தலுக்கும் கோயில் கொடைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஓட்டுகிற ஆள், வழக்கமாக வழி முழுக்கப் பேசிக்கொண்டு வருவார், இன்றைக்கு ஏறியதிலிருந்து இரண்டே கேள்விதான். "மேடம், நாம போற எடத்துலதான் அது கெடக்கா?" தெரியாது மாசானம் என்றேன். "காத்துல வருமா?" காற்றில் வராது என்றேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டுத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு விஷயத்தை, முகத்தைப் பார்த்துச் சொல்லியே இந்த நிலைமை.

காலையில் கலெக்டர் அறையில் ஏசி குளிரில் எல்லோருக்கும் வியர்த்தது. ஊருக்கு வெளியே பெரிய குழாய் பதிக்கிற வேலை நடக்கிறது, குழாயைப் பற்றவைத்த இடம் சரியாக இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க ஒரு தனியார் கம்பெனி கருவி கொண்டுவந்திருக்கிறது. மனுஷனுக்கு எக்ஸ்ரே எடுப்பது மாதிரி இரும்புக்கு. அந்தக் கருவிக்குள் இருந்து ஒரு துண்டு கழன்று விழுந்துவிட்டது. விரல் நீளம். அது விழுந்தது தெரிந்தும் அவர்கள் தாங்களே தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல், ஒரு வாரத்துக்கு மேல் கழித்து நேற்றுத்தான் வாயைத் திறந்திருக்கிறார்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி சுதர்சனம் விடிகிற நேரத்துக்குச் சென்னையிலிருந்து வந்து சேர்ந்திருந்தார், மெலிந்த மனிதர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். மில்லி சீவர்ட் என்றார், கியூரி என்றார், கலெக்டர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். நான் கேட்டேன், சார், அதை ஒருத்தர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "வெந்துபோகும்மா. அப்பவே தெரியாது. சில நாள் கழிச்சு வெந்துபோகும்." அந்த அறையில் எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது. நான் அதைத் தாளில் எழுதினேன், கலெக்டர் அதை எடுக்கச் சொன்னார். வடக்கே எங்கிருந்தோ வந்து புத்தகத்தில் தமிழ் படித்த சின்ன வயதுக்காரர், கெட்டவர் இல்லை. "மக்கள் பயப்படக் கூடாது மேடம். ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்." பயப்படாமல் எதற்கு சார் எச்சரிக்கையாக இருப்பான் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அப்புறம் இன்ஸ்பெக்டர் பேசினார். மீசையைத் தடவவில்லை, குரலை உயர்த்தவில்லை, பேங்க் மேனேஜர் மாதிரி நிதானமாகப் பேசினார். எடுத்தவன் பழைய இரும்புக் கடையில் போட எடுத்திருப்பான், களவு கேஸ்தான், கொஞ்சம் மிரட்டினால் தானாகக் கொண்டுவந்து போடுவான். அப்படி முளைத்ததுதான் கடைசி வரி. மேற்படி பொருளை மறைத்து வைத்திருப்போர் மீது சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும். சுதர்சனம் மட்டும் மெதுவாகச் சொன்னார், மிரண்டு போய்க் கிணற்றில் போட்டுவிட்டால் நமக்குத்தான் கஷ்டம் என்று. அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. தாளில் கலெக்டர் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்துப் போட்ட தாளில் நான் இப்போது பீதியை அடித்துவிட்டேன். கோணலாக, ஆனால் அடித்தாயிற்று. இந்தச் சொல்லை எனக்குத் தெரியும். ஒரு புயல் சமயம், அப்போது நான் வேலைக்குப் புதுசு, இதே மாதிரி ஒரு வண்டியில் பின்னால் உட்கார்ந்து எங்கள் பழைய அதிகாரி மைக்கில் வாசித்தார், புயல் கரையைக் கடந்துவிட்டது, கடல் இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டது, யாரும் பீதி அடைய வேண்டாம். குழாயிலிருந்து தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது பீதி மட்டும்தான். ஒரு பெண் அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், அவள் ஓடுவதைப் பார்த்து அடுத்த வீடு ஓடியது, நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று மைக்கில் கத்தக் கத்த ஓடினார்கள். வேண்டாம் என்ற சொல் குழாயில் கேட்காது. மனுஷ மனசு அப்படித்தான், என் மனசும் அப்படித்தான், இப்போதே உள்ளங்கை அரிக்கிறது. காலையில் அந்த அறையில் உட்கார்ந்ததிலிருந்து அரிக்கிறது. அந்தச் சாமான் அந்த அறையில் இல்லை, அது எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. போனில் வாட்ஸப் வேறு அடித்துக்கொண்டே இருக்கிறது, என் அண்ணி அனுப்பியிருக்கிறாள், ஊரில் அணுகுண்டு தொலைந்துவிட்டதாம், அயோடின் உப்பை ஒரு கை அள்ளி விழுங்க வேண்டுமாம். வரும் வழியில் மளிகைக் கடை வாசலில் கூட்டம் நின்று உப்புப் பாக்கெட் வாங்கியது. மூட்டை மூட்டையாக, லாரி லாரியாக உப்பு ஏற்றி ஊருக்கெல்லாம் அனுப்புகிற ஊரில் கூட்டம் நின்று உப்பு வாங்குகிறார்கள். சிரிக்கலாம். ஆனால் அதை முதலில் எழுதியவன் யாரோ, அவனுக்கு எழுதத் தெரிந்திருக்கிறது, ஒரு கை அள்ளி என்று எழுதியிருக்கிறான், படித்தவுடன் கை போகிறது. என் தாளில் கை போகிற மாதிரி ஒரு சொல் இல்லை.

தொம்மையார் குடியிருப்பு வந்துவிட்டது. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் நான்கைந்து தெரு, மாதா சிலை வைத்த சின்னக் கெபி, காய்கிற வலை, கருவாட்டு வாடை. குழாய் பதிக்கிற இடத்திலிருந்து வருகிறவர்கள் இந்த வழியாகத்தான் நடந்து வருவார்கள், அதனால் முதலில் இங்கே. மாசானம் வண்டியை மெதுவாக்கினார், நான் மைக்கை வாயருகே கொண்டுபோய் எழுதியிருந்தபடியே வாசித்தேன், பீதியைத் தாண்டி வாசித்தேன். கதிரியக்கத் தன்மையுள்ள பொருளொன்று காணாமற் போயுள்ளதாகத் தெரியவருகிறது. என் குரல் குழாயில் போய்த் தேவாலயச் சுவரில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டேன். யாரோ ஒரு மேடம் யாரிடமோ எதையோ ஒப்பிக்கிறாள். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். ஒருத்தர் சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்று, "ஏன், கரண்டு கட்டா?" என்று மாசானத்திடம் கேட்டார். கரண்டு கட் இல்லை என்று மாசானம் சொன்னார். கரண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு மூக்கில் டெட்டால் வாடை வந்தது. அம்மாவுக்குத் தொண்டையில் கேன்சர் வந்தபோது பெரியாஸ்பத்திரியில் கரண்டு வைக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். டாக்டர்கூட அப்படித்தான் சொன்னார், வார்டில் எல்லோரும் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள், உங்களுக்கு எத்தனை கரண்டு வச்சாச்சு, எனக்கு இன்னும் பாக்கி இருக்கு. வரிசையில் நீலப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அம்மா உள்ளே போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள், ஒன்றுமே செய்யலடி, சும்மா படுக்க வச்சு எந்திரிக்கச் சொல்லிட்டாவ என்பாள். வலிக்காது, சுடாது. போகப் போகத்தான் கழுத்துத் தோல் கறுத்தது, அப்புறம் சிவந்தது, அப்புறம் சேலைத் தலைப்பு பட்டாலே முகம் சுளித்தாள். சுதர்சனம் சொன்னது அதுதானே. அப்பவே தெரியாது, சில நாள் கழிச்சு வெந்துபோகும். அவர் சொன்னபோதே எனக்கு ஏன் அம்மாவின் கழுத்து ஞாபகம் வரவில்லை, மில்லி சீவர்ட் நடுவில் நின்று மறைத்துக்கொண்டது. அம்மா வீட்டுக்கு வந்தபின் சித்தி அவளுடைய டம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பேத்தியைத் தூக்கப் போனபோது, வேண்டாம்க்கா கரண்டு வச்ச ஒடம்பு, என்று சித்தி குறுக்கே வந்தாள். அம்மா நீட்டின கையை அப்படியே கொண்டுபோய் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அப்படி ஒட்டாது என்று சித்திக்கு எடுத்துச் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் மெனக்கெடவில்லை. அதைச் சொல்வது யாருடைய வேலையாகவும் இல்லை.

"மேடம், திருப்பி வாசிக்கியளா, அடுத்த தெருவுக்குப் போவட்டுமா?" மாசானம் கண்ணாடியில் பார்த்தார். ஒரு நிமிஷம் நிறுத்துங்கள் என்றேன். தாளை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்தேன். கேன்சர் ஆஸ்பத்திரியில கரண்டு வைப்பாங்கல்ல, என்று மைக்கில் ஆரம்பித்துவிட்டேன், என் குரலே எனக்கு வீட்டுக் குரலாகக் கேட்டது. அந்தக் கரண்டு மாதிரி ஒண்ணு ஒரு சின்ன இரும்புத் துண்டுக்குள்ள இருக்கு. விரல் நீளம் இருக்கும், சைக்கிள் பிரேக் ஒயரை வெட்டினது மாதிரி, நுனியில குண்டு மாதிரி இருக்கும், பளபளன்னு இருக்கும். குழாய் வேலை நடக்கிற பக்கம் கீழே விழுந்துருச்சு. பார்த்தா கையால எடுக்காதீங்க. எடுத்திருந்தா, அது இருக்கிற இடத்தை விட்டு நீங்க வெளியே வந்துருங்க, எங்களைக் கூப்பிடுங்க. தொட்டா உடனே ஒண்ணும் தெரியாது, வலிக்காது. கொஞ்ச நாள் கழிச்சு அந்த இடம் சிவந்து, அக்கி மாதிரி, சுடுதண்ணி கொட்டினது மாதிரி கொப்புளம் வரும். யாருக்காவது அப்படி இருந்தா சொல்லுங்க, வைத்தியம் இருக்கு. காத்துல வராது, தண்ணியில வராது, மீன்ல வராது. இங்கே ஒரு நொடி நின்றேன். கடைசி வரி வர வேண்டிய இடம். சட்டப்படி கடும் நடவடிக்கை. நாக்கு அதைத் தேடிப் போனது, பழக்கம். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், சைக்கிள்காரர் சைக்கிளை விட்டு இறங்கியிருந்தார், ஒரு வீட்டுக் கதவு பாதி திறந்தது. எடுத்தவங்க தப்புப் பண்ணலை, தொலைச்சவங்கதான் தப்பு, என்றேன். மைக்கை அணைத்தேன். அப்போதுதான் பயம் வந்தது. கதிர்வீச்சுப் பயம் இல்லை, அது உள்ளங்கையில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. இது ஆபீஸ் பயம். கேன்சர் என்று ஒரு அரசாங்க வண்டியில் இருந்து சொல்லிவிட்டேன், இன்னும் கொஞ்ச நேரத்தில் அது வாட்ஸப்பில் வேறு உருவத்தில் வரும். சுடுதண்ணி கொட்டினவன், கொசு கடித்தவன், வேனல் கட்டி வந்தவன் எல்லாம் ஆஸ்பத்திரியில் போய் நிற்பான். போய் நிற்கட்டும். ஒரு கூட்டமே போய் நின்றாலும் அதில் ஒரு ஆள் அந்த ஆளாக இருந்தால் போதாதா. போதாது என்று ஆஸ்பத்திரி டீன் சொல்வார். சம்பளம், பதவி உயர்வு, மகளுடைய காலேஜ், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, வரிசையைத் தள்ளிவிட்டு மறுபடி சித்தி வந்து டம்ளரைக் கவிழ்த்தாள். மாசானம் துண்டை மூக்கிலிருந்து கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தார்.

மூன்றாவது தெரு முனையில் ஒரு பெண் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தையைத் தாண்டிய ஒரு பெண்குழந்தை, நைட்டிக்கு மேல் துண்டு. அவள் என்னிடம் பேசாமல் குழந்தையின் ஜடையைச் சரிசெய்துகொண்டே நின்றாள், நான் இறங்கிப் பக்கத்தில் போனபின்தான் வாயைத் திறந்தாள். "யக்கா, அக்கி மாதிரின்னு சொன்னியளே, அது தொடையில வருமா?" வரும் என்றேன், யாருக்கு? "எங்க வீட்டு அவியளுக்கு. அக்கின்னுதான் பானை செய்யுத வேளார் வீட்டுல போய் தொடையில காவி வச்சு எழுதிட்டு வந்தோம். எழுதியும் அடங்கல. தண்ணி கோத்து உடையுது. ஒக்கார முடியல, குப்புறப் படுத்துக் கெடக்காவ." அவள் பெயர் சலேத், புருஷன் பெயர் தஸ்நேவிஸ், படகு எஞ்சின் வேலை பார்க்கிறவர். பிரேக் ஒயர் மாதிரி ஒன்றை எடுத்துவந்தாரா என்று கேட்க வேண்டும், கேட்டால் அவள் இல்லை என்று சொல்லிவிட்டால்? அவள் கண் என் கழுத்தில் தொங்குகிற ஆபீஸ் அட்டை மேல் இருந்தது. நான் கேட்கவில்லை. அவளே கேட்டாள். "எடுத்தவிய தப்புப் பண்ணலைன்னு சொன்னிய. அப்பம் போலீசு வராதுல்லா?" வெயில் உச்சியில் இறங்கியது. வராது என்று சொன்னால் இப்போதே சொல்லிவிடுவாள். ஒரு சொல்தான், மூன்று எழுத்து, அதை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம். இன்ஸ்பெக்டர் மிரட்டி வாங்கலாம் என்று நினைத்ததை நான் பொய் சொல்லி வாங்குகிறேன், அவ்வளவுதானே வித்தியாசம். நாளைக்கு இவள் வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும்போது, இந்தத் தெருவில் அடுத்த தடவை எந்த மைக்கை யார் நம்புவார்கள். இல்லை, அதையெல்லாம் அப்போது அவ்வளவு ஒழுங்காக யோசிக்கவில்லை. அவள் குழந்தை என் மைக் ஒயரைப் பிடித்து இழுத்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வாய் தானாகத் திறந்தது. "போலீஸ் வரும் சலேத். வந்து கேட்பாங்க. என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கூட நிப்பேன். ஆனா அது முக்கியம் இல்ல இப்ப. அவரை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், நாளைக்கு வேண்டாம்." அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இனி சொல்ல மாட்டாள் என்றே நினைத்தேன். "அவிய களவாங்கல யக்கா" என்றாள், சத்தமில்லாமல். "ரோட்டோரம் கெடந்துச்சு. தூண்டிலுக்கு ஆவும்னு பேன்ட்டு பையில போட்டுட்டு வந்தாவ. தூண்டில் டப்பாவுல வச்சு வலைக் குடிசையில வச்சிருக்கு. வீட்டுக்குள்ள கொண்டாரல." வலைக் குடிசை எங்கே என்றேன். கையைக் காட்டினாள். தெருக்கோடியில், கடலைப் பார்த்த ஓலைக் குடிசை, அதன் நிழலில் இரண்டு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டு பேரை எழுப்புவதற்கு நான் மைக்கைப் பயன்படுத்தவில்லை, ஓடினேன். எழுந்திருங்கள், அந்தப் பக்கம் போங்கள், என்னம்மா என்ன என்றார்கள், அது இங்கேதான் இருக்கிறது என்றேன், ஒருத்தர் சீட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார், ஜெயிக்கிற கை போலிருக்கிறது. எவ்வளவு தூரம் போகச் சொல்ல வேண்டும் என்று சுதர்சனத்துக்குப் போன் போட்டேன், அவர் மீட்டரில் சொன்னார், நான் கெபியைக் காட்டினேன், எல்லோரும் கெபிக்கு அந்தப் பக்கம். போனில் அவர் குரல் பதறவில்லை, வருகிறேன், யாரையும் கிட்டே விடாதீர்கள், நீங்களும் போகாதீர்கள். நான் போய்த் திரும்பியிருந்தேன். ஒரு ஓட்டம், சில மூச்சு நேரம். உள்ளங்கை அரிப்பு நின்றுவிட்டிருந்தது, அதைக் கவனித்தேன், வேடிக்கையாக இருந்தது. காத்திருந்த நேரத்தில் தெரு கெபிக்கு அந்தப் பக்கம் திரண்டு நின்றது, நடுவில் வெற்று மணல், மணலில் சலேத். யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, அவளைச் சுற்றித் தானாகவே இடம் காலியாகிவிட்டது. இடுப்பிலிருந்து இறக்கிவிட்டிருந்த குழந்தை நடந்து அவளிடம் போனது, அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். குழந்தை மறுபடி போனது, அவள் மறுபடி நகர்ந்தாள். "யக்கா" என்று அங்கிருந்தே கூப்பிட்டாள், "நா அவியகூடத்தான் படுத்துக் கெடந்தேன். பிள்ளையத் தூக்கலாமா?" தூக்கலாம், என்று மைக் இல்லாமல் கத்தினேன், தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்று கத்தினேன். தூக்கலாம் சலேத், அது ஆள்கிட்ட ஆள் ஒட்டாது, அந்தத் துண்டுதான் சுடும், சூடுபட்டவங்க சுட மாட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கணும், அவ்வளவுதான், தூக்குங்க. அவள் தூக்கினாள். குழந்தையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. சுதர்சனத்தின் வண்டி வந்தது, அவர் கையிலிருந்த கருவி குடிசையை நெருங்க நெருங்கச் சில்வண்டு மாதிரி கத்தியது, அவருடைய ஆள் நீள இடுக்கியோடு போனான், ஈயப் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது, சில்வண்டு அடங்கியது. இவ்வளவுதான். இவ்வளவுக்குத்தான் காலையிலிருந்து. தஸ்நேவிஸை ஸ்ட்ரெச்சரில் குப்புறக் கிடத்திக் கொண்டுவந்தார்கள், முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்திருந்தார், நல்ல கட்டான ஆள், கைலி விலகின தொடையில் காவிக் கோடு தெரிந்தது. சுதர்சனத்திடம் காலைக் காப்பாற்ற முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "இப்ப யாராலயும் சொல்ல முடியாது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா, முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்." ஆம்புலன்சில் முகக்கவசமும் கையுறையும் மாட்டியிருந்த பையன்கள் சலேத் ஏறப் போனபோது கதவைச் சாத்திவிட்டார்கள். வேண்டுமென்று சாத்தினார்களா, அவசரமா, தெரியாது. வண்டி போய்விட்டது.

கலெக்டர் போன் அப்போதுதான் வந்தது. கிடைத்துவிட்டது அல்லவா, நல்லது, என்றார். கொஞ்சம் நிறுத்தி, அறிவிப்பின் கடைசி வரி வாசிக்கப்படவில்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார், என்றார். ஆமாம் சார், வாசிக்கவில்லை என்றேன். மறந்துவிட்டீர்களா? அந்தக் கேள்வியில் அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார், அது எனக்குத் தெரிந்தது. இல்லை சார், மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம். "விளக்கம் எழுதிக் கொடுங்கள். கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பையும் நீங்களே எழுதிவிடுங்கள், ஒப்புதலுக்கு எனக்கு அனுப்ப வேண்டாம், நேரே சொல்லிவிடுங்கள்." மெமோ வரும், வரட்டும், எழுதத் தெரியும் எனக்கு. வண்டியில் ஏறி மைக்கை எடுத்தேன். கிடைச்சிருச்சு, பத்திரமா எடுத்துட்டாங்க, இனி இந்தத் தெருவுல அது இல்ல, குடிசை, மணல், தண்ணி, எல்லாம் முன்ன மாதிரிதான், என்றேன். ஒருத்தரும் நகரவில்லை. ஆபத்து இருக்கிறது என்று சொன்னபோது என்னை நம்பினவர்கள், இல்லை என்று சொல்லும்போது நம்பவில்லை. "அப்பம் எதுக்கு அவனுவ அம்புட்டு பெரிய கையுறை போட்டிருந்தானுவ?" என்று சீட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. அவங்களுக்கும் பயம், அதான், என்றேன். சிலர் சிரித்தார்கள். நாளைக்கு வருவேன், சுதர்சனம் சாரையும் கூட்டி வருவேன், அந்தக் கருவியை உங்கள் கையில் கொடுக்கச் சொல்கிறேன், நீங்களே வீடு வீடாக வைத்துப் பாருங்கள். நம்புவதற்கு ஒரு நாள் ஆகும், ஒரு மாதம் ஆகும், சித்தி கடைசிவரை நம்பவே இல்லை.

சலேத் ஆம்புலன்ஸ் போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியாஸ்பத்திரி எப்படிப் போவது என்று யாரையோ கேட்டாள், கேட்கப்பட்டவள் பதில் சொன்னாள், இரண்டு அடி தள்ளி நின்று சொன்னாள். தெருவில் இரண்டு ஆட்டோ நின்றது, இரண்டிலும் டிரைவர் இல்லை, இருந்தவர்கள் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். நான் மாசானத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வண்டியின் முன் கண்ணாடியைத் துடைத்தார். கேட்கலாம், வண்டி ஆபீஸ் வாடகைக்கு எடுத்தது, உத்தரவு போட்டால் ஏற்றித்தான் ஆக வேண்டும். உத்தரவு போட்டு ஏற்றினால் அவர் வழி முழுக்கத் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டுவார், இறக்கிவிட்டதும் சீட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவுவார், சலேத் அதைத் திரும்பிப் பார்ப்பாள். நான் உத்தரவு போடவில்லை. காலையிலிருந்து ஊருக்கே சொன்னதை இந்த ஒரு ஆள் மிகக் கிட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார், இதற்கு மேல் அவரிடம் சொல்ல என்னிடம் சொல் இல்லை. மாசானம் துடைத்து முடித்தார். "மேடம், நெசமாவே ஒட்டாதுல்லா?" என்றார். ஒட்டாது என்றேன். "ஒங்க பிள்ளைன்னா ஏத்துவியளா?" ஏத்துவேன் மாசானம். அவர் என் முகத்தை, பெயர் தெரியாத ஊரில் வழி கேட்பவர் பார்ப்பது மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் இறங்கி, பின் சீட்டில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கி முன்னால் தன் காலடியில் வைத்துக்கொண்டார், பேட்டரியை ஒரு பக்கமாக ஒதுக்கினார், சீட்டை உள்ளங்கையால் தட்டிவிட்டார். "ஏறும்மா" என்றார் சலேத்திடம். "பிள்ளையை இங்கிட்டு குடு, நீ ஏறி ஒக்காந்துட்டு வாங்கிக்க." சலேத் நின்றாள். அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வெயிலில் நின்றார், அவள் கொடுக்கும்வரை நின்றார்.